இருவரில் ஒருவன்

நாகலூர் பஸ் நிறுத்தத்தில் கமலக்கண்ணனின் டீக்கடை டிவி காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. காபிப்பழம் பறிக்கப் போகிற பெண்கள் டீயை ஊதிக் குடித்துவிட்டு எஸ்டேட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஆராயி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது, கமலக்கண்ணன் பொங்கி வருகிற பாலை விட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

"ஏனுங்க ஆராயக்கா, அது உங்க மாதேசு வேலை செய்யற பாட்டுக்காரிதானுங்களே?"

திரையில் நைலாவின் முகம் தெரிந்தது. விளையாட்டு மைதானங்களில் மேடை போட்டு, நாடு நாடாகப் பாடிக்கொண்டு போகிறவள். அவளுடைய மேடைக்கு மேலே ஏறி, இரும்புச் சட்டங்களைக் கோத்து விளக்குகளைத் தொங்கவிடுகிற ஆட்களில் ஆராயியின் மகன் மாதேஷ் ஒருவன். முகத்துக்குக் கீழே எழுத்துகள் ஓடின. செய்தி வாசிப்பவர் அதையே வாயாலும் சொன்னார். மலேசியாவில் இன்று காலை மேடை அமைக்கும் வேலையின்போது பலத்த காற்றில் மேற்கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. இந்தியத் தொழிலாளி ஒருவர் உயிருக்குப் போராடுகிறார். பெயர் தெரியவில்லை.

ஆராயி டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அலறியிருப்பாள். ஆனால் பக்கத்தில் ஈவ்லின் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மேடைக் கூட்டத்தில் இந்தியாக்காரர்கள் இரண்டே பேர். ஒருவன் மாதேஷ். இன்னொருவன் ஈவ்லினின் ஒரே மகன் லாசர்.

மாதேஷ் இந்த மலையில் சவுக்குமர உயரத்துக்கு ஏணி வைத்து மிளகு பறித்தவன். சேலத்தில் பந்தல் வேலைக்குப் போய், அங்கிருந்து பெங்களூருக்குப் போய், அப்படியே கடல் தாண்டினான். போன வருடம் லாசரையும் கூப்பிட்டான். கணவனை இழந்த ஈவ்லின் மகனை அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அவள் வீட்டுக்குப் போய், "என்ற மகன் கூட இருக்கறான் புள்ள, கண்ணாட்டம் பாத்துக்குவான்" என்று பேசிச் சம்மதிக்க வைத்தவள் ஆராயிதான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். ஆராயி கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து நின்றுபோனது. லாசரின் போன் அணைந்து கிடந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் அதேதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் வடையைப் பிட்டபடி சொன்னார்: "மணி அடிக்குதுன்னா அந்த ஆளு நல்லா இருக்கறான்னு அர்த்தமுங்க. அணைஞ்சு கெடக்கறதுதான்..."

"யோவ், வடையத் தின்னுட்டு எந்திரிச்சுப் போய்யா!" என்றான் கமலக்கண்ணன். யாரையும் அவன் அப்படிப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. அவர் எழுந்து போய்விட்டார். சொன்ன சொல் போகவில்லை.

கடைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். சாலையோரத்துச் சிறுபாலத்தின் திட்டில்தான் நன்றாகக் கிடைக்கும். இருவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. எப்போதும் தோளோடு தோள் உரச உட்காருகிறவர்கள், அன்றைக்கு ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் எழுதுகிற ரைட்டர் பழனிசாமி பைக்கில் வந்தார். ஆள் வரவில்லையே என்று சத்தம் போட வந்தவர், கமலக்கண்ணன் ஓடிவந்து காதில் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியை அணைத்தார்.

"எங்கயும் போவாதீங்க. ரெண்டு பேரும் வேலைக்கு வந்ததாவே பேரு போட்டுக்கறேன்" என்றார். பைக்கைத் திருப்பப் போனவர், தோள்பைக்குள் கைவிட்டுத் தன் பவர் பேங்கை எடுத்துத் திட்டின்மேல் வைத்தார். "போனு சார்ஜ் போயிடப் போவுது. சொருகிக்குங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆராயி சேர்வராயன் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். முந்தானை நுனியில் ஒரு காசை வைத்து முடிந்தாள். 'சாமீ, என்ற புள்ளையா இருக்கக் கூடாது' என்று மனதில் வந்தது. வந்த மாத்திரத்தில் அதன் மறுபாதி என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் பிள்ளை இல்லையென்றால் அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறவளின் பிள்ளை. சாமியிடம் இதைக் கேட்பதும், போய் அவள் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிடுவதும் ஒன்றுதானே?

பெற்ற வயிறு கேட்காமல் இருக்குமா? கேட்கத்தான் செய்தது. அவள் வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். முடிந்த காசு வேண்டுதல் சொல்லப்படாமல் முந்தானையிலேயே கிடந்தது.

அந்த முனையில் ஈவ்லினின் விரல்கள் செபமாலை மணிகளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு மணியில் வந்து நின்றன. நகரவே இல்லை. ஆராயி பார்த்துவிட்டாள். அவளும் அதே இடத்தில்தான் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஆராயக்கா" என்றாள் ஈவ்லின், நிமிர்ந்து பார்க்காமல். "என்னால செபம் சொல்ல முடியலைக்கா."

"எனக்கும் வரலை புள்ள."

ஏற்காடு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கினவர்கள் திட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். கமலக்கண்ணன் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய் வேறு டீ கொண்டுவந்து வைத்தான்.

ஆராயியின் போன் அலறியது.

திரையில் மாதேஷின் படம். தீபாவளிக்கு வந்தபோது எடுத்தது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். மகன் கூப்பிடுகிறான். என் மகன் இருக்கிறான்! நிமிர்ந்தாள். ஈவ்லினும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது. அவள் அழவில்லை. எழுந்து போகிறவளைப் போலச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். தோழியின் சந்தோஷத்துக்கு இடம் விட்டுத் தள்ளிப்போக நினைத்தாள் போலும்.

ஆராயி அவள் கையைப் பிடித்தாள்.

"நீ பேசு. உன்ற மகனைப் பத்தி மொதல்ல நீ கேளு. அப்பறமா நான் பேசிக்கறேன்."

"வேண்டாங்க்கா..."

"புடி சொல்றேன்!"

பச்சைப் பொத்தானைத் தள்ளி, போனை ஈவ்லினின் காதில் வைத்து அழுத்தினாள். ஈவ்லின், "மாதேசு, கண்ணு..." என்றாள்.

"பெரிம்மா..." என்றது மறுமுனை.

மாதேஷ் ஈவ்லினை 'அத்தை' என்பான். 'பெரிம்மா' என்று ஆராயியைக் கூப்பிடுகிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். ஈவ்லின் பெற்ற லாசர்.

ஈவ்லினின் கண்கள் விரிந்தன. மகனின் குரலைக் கேட்ட தாய்க்கு அந்தக் கணத்தில் எவ்வளவோ வாயில் வரும். ஐயோ என் ராசா என்று கதறலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் அதையெல்லாம் விழுங்கினாள்.

"லாசரு, அம்மா பேசறேன். மாதேசு உசுரோட இருக்கறானா? அத மட்டும் மொதல்ல சொல்லு."

அவன் சொன்னதைக் கேட்டாள். உடனே ஆராயியின் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "உசுரு இருக்குதுக்கா. மாதேசு உசுரோட இருக்கறான். கேக்குதா? உசுரோட இருக்கறான்."

ஆராயிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது இருவரும் திட்டோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஈவ்லின் போனை இருவரின் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"பெல்ட்டுக் கயிறு புடிச்சுக்கிச்சு பெரிம்மா, கீழ உளுவலை" என்றான் லாசர். மூச்சு வாங்கியது. "இரும்பு வந்து தொடையில அடிச்சிருச்சு. நொம்ப ரத்தம் போயிருச்சு. ஆப்பரேசன் பண்றாங்க. மேல ஏறறவன் பாக்கெட்ல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுங்க, அதான் போனை எங்கிட்டக் குடுத்துட்டு ஏறுனான். எடுக்கலாம்னா என்ன சொல்றதுன்னு தெரியலை. என்ற போனு மழையில போச்சு. மன்னிச்சுக்குங்க பெரிம்மா."

அன்று காபிச் செடிகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. பனி விலகி வெயில் வந்து, வெயிலும் சாய்ந்தது. ஈவ்லினின் பயம் தீர்ந்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஆராயியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செபமாலை இப்போது நிற்காமல் ஓடியது. ஆராயியும் முந்தானைக் காசைப் பிடித்துக்கொண்டு, ஒளிவுமறைவில்லாமல் வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஆராயியே எடுத்தாள்.

"ஆப்பரேசன் முடிஞ்சுதுங்க பெரிம்மா. காலுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நடக்க நாளாகும்னாங்க டாக்டரு. கண்ணு முழிச்சதும் கச்சேரி நடந்துச்சான்னு கேக்கறான்" என்றான் லாசர். "நடக்கலைங்க. பாட்டுக்காரம்மா எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு இங்க வந்துட்டாங்க. காலையில இருந்து வராண்டாவுல தரையிலதான் உக்காந்திருக்காங்க."

ஆராயி கண்களைத் துடைத்துக்கொண்டாள். கேட்க எவ்வளவோ இருந்தது. பக்கத்தில் ஈவ்லின் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாளெல்லாம் அந்தப் பையன் தனியாக, மொழி தெரியாத ஆஸ்பத்திரியில், தோழனின் ரத்தம் காய்ந்த சட்டையோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"லாசரு" என்றாள் ஆராயி. "நீ ஏதாச்சும் சாப்புட்டியா சாமி?"

மறுமுனையில் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை ஒரேயடியாக உடைந்து கேட்டது. ஆராயி போனை ஈவ்லினிடம் கொடுத்தாள்.