ஒரு நீளம், இரண்டு குட்டை

"எவனோ ஒரு வேலையத்தவன் ஆஃபீஸுக்கு போன் போட்டிருக்கான், மிசஸ் எச். நம்ம படகு ஹாரன் அடிச்சு உயிர வாங்குதுன்னு. எவனா இருக்கும்?"

தெல்மா ஹௌக்லண்ட், கார்மைன் கொண்டுவந்த கன்னோலி இனிப்புப் பெட்டியைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் புது அடுக்குமாடிக்காரனுங்கதான்," என்று அவனே சொல்லிக்கொண்டான். "தண்ணி தெரியற வீடு வேணும்னு காசக் கொட்டி வாங்க வேண்டியது. அப்புறம் தண்ணியில படகு போகுதேன்னு அழ வேண்டியது."

"முழுங்கிட்டுப் பேசு. மேசைத்துணி பூரா சர்க்கரை."

"கேப்டன் இருந்தா இந்தத் துணிய எடுத்து என் வாயில அடைச்சிருப்பாரு."

"அவருக்கு மிச்சம் வச்சியான்னுதான் முதல்ல கேட்டிருப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். கணவர் ஆர்னியைப் பற்றி இப்படிச் சிரிக்க அவளுக்கு வேறு ஆள் இல்லை. கார்மைன் ஆர்னியின் இழுவைப்படகில் கயிறு பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தவன். பிறகு அவருக்கு அடுத்த நிலைக்கு வந்தான். போன இலையுதிர்காலத்தில் ஆர்னியின் இதயம் படகிலேயே நின்றுபோன பிறகு, அதே படகுக்கு அவன்தான் கேப்டன்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் கில் என்று சொல்லும் கடல்நீர்க் கால்வாய். மிக ஒடுங்கிய நீர் அது. நியூவார்க் துறைக்குப் போகும் கொள்கலன் கப்பல்கள் வரும்போது எதிர்க்கரையின் எண்ணெய்த் தொட்டிகள் மறைந்து, ஜன்னல் முழுக்க இரும்புச் சுவராகிவிடும். பெரிய கப்பல்களை இழுவைப்படகுகள் வளைவில் இழுத்துத் திருப்ப, ஓதம் ஏறி முடிந்து இறங்கத் தொடங்குமுன் நீர் அசையாமல் நிற்கும் அந்தச் சிறு பொழுதுதான் தோது. அதனால் இழுவைப்படகுகள் வீடு திரும்பும் நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அது நாளுக்கு நாள் தள்ளிப்போகும்.

திரும்பும் வழியில் வீட்டைக் கடக்கும்போது ஆர்னி ஹாரன் அடிப்பார். ஒரு நீளம், இரண்டு குட்டை. வேலை முடிந்தது, வந்துகொண்டிருக்கிறேன், காப்பி போடு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தெரு முழுக்கப் படகுக்காரர்கள்தான். யார் வீட்டு ஹாரன் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

அடக்கத்தன்று கில்லில் இருந்த எல்லாப் படகுகளும் ஊதின. மறுநாள் மற்றவை ஓய்ந்தன. கார்மைன் மட்டும் ஓயவில்லை. திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு நீளம், இரண்டு குட்டை.

முதலில் தெல்மா அழுதாள். போகப்போகப் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. ஓதம் எப்போது நிற்கும் என்று அவள் உடம்புக்கே தெரிந்தது. அந்த நேரம் நெருங்கினால் நாற்காலியில் உட்கார முடியாது. ஹாரன் கேட்டதும் அவள் கை தானாகவே காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடும். தண்ணீர் கொதிக்கும்வரை ஆர்னி உயிரோடிருப்பார். அப்புறம் அவள் ஜன்னலுக்குப் போவாள். மேலே சுக்கான் அறையில் நிற்பது அவரில்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அடுப்பை அணைக்க முடிந்தது. இப்படி அவரை அவள் தினம் தினம் இழந்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் அவளே படகு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை. கரையோரத் தெருவில் குடியிருப்பவள், ஹாரன் தாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள். சத்தமில்லாமல் அது நின்றுபோகும், கார்மைன் மனமும் நோகாது என்று நம்பினாள்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்த வேண்டியதுதானே?" என்றாள் இப்போது.

"ரெண்டு தடவ சொன்னாங்க. நானாவது, நிறுத்தறதாவது? அதான் நாளைக்குக் காலைல கூப்பிட்டிருக்காங்க. படகப் புடுங்கிட்டு பிலடெல்பியாவுக்கு மாத்தறாங்களாம்."

"பிலடெல்பியாவா? உன் பொண்டாட்டி?"

"வரமாட்டேன்னுட்டா. அவங்கம்மா படுக்கையில இருக்காங்கல்ல."

"மடையனாடா நீ? ஒரு ஹாரனுக்காகவா?"

"ஹாரனுக்காக இல்ல." கார்மைன் விரல்களைத் துடைத்துக்கொண்டான். "நீங்க ஜன்னலுக்கு வருவீங்களே, அதுக்காக. மழையோ பனியோ, ஒரு நாள் தவறினதில்ல. நான் மேலருந்து பாப்பேன். கீழ பசங்க தொப்பியக் கழட்டுவானுங்க. மிசஸ் எச் கேட்டுட்டாங்கடான்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வேலை."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும். இப்போது சொன்னால் அவனுடைய படகு தப்பும்.

"கார்மைன், நான் சொல்றதக் கேளு..."

"இருங்க, இத யார்கிட்டயும் சொன்னதில்ல. கேப்டன் போனப்புறம் முதல் வாரம் வளைவுல கப்பலத் திருப்பறப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. பசங்க பாக்கக் கூடாதுன்னு பாக்கெட்ல விட்டுக்குவேன். உங்க வீட்டத் தாண்டி, அவர மாதிரியே ஹாரன் அடிச்சா நின்னுடும். இன்னைக்கும் அப்படித்தான்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவள் மேசைத்துணியில் சிந்திய சர்க்கரையைக் கையால் கூட்டினாள்.

"அடிக்காம ஒரு நாள் போய்ப் பாக்கறதுதானே?" என்றாள் மெல்ல.

"பாத்தேனே. முதல் தடவ திட்டு வாங்கினப்ப. அன்னிக்கும் நீங்க ஜன்னல்ல நின்னீங்க. நாங்க தாண்டிப் போன அப்புறமும் நின்னுட்டே இருந்தீங்க. பாலத்துக்கிட்ட போயி திரும்பிப் பாத்தேன், அப்பவும் நிக்கறீங்க. இனிமே என்ன ஆனாலும் நிறுத்தறதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. அவள் கேட்ட அமைதி கிடைத்த நாள். படகு ஓசையின்றிப் போனது. அடுப்பில் ஒன்றுமில்லை, அணைக்க வேண்டியதும் இல்லை. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டும்வரை அங்கேயே நின்றிருந்தாள். அது நிம்மதியா இல்லையா என்று இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை.

கார்மைன் எழுந்து மேல்கோட்டை எடுத்தான். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். சின்னப் பையனைப்போலக் காதுகள் சிவந்திருந்தன.

"நாளைக்கு என்கூட ஆஃபீஸுக்கு வரணும், அதக் கேக்கத்தான் வந்தேன். எனக்காக நீங்க பரிஞ்சு பேச வேணாம். அந்தச் சத்தம் கேக்கறப்ப உங்களுக்கு எப்படி இருக்குன்னு, அத மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. வருவீங்களா?"