ரெண்டு டிஸ்க்கும் ஒரே மேசையில்

எங்க மொதலாளி வீரசிங்கத்துக்கு நான் வாய் வலிக்கச் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணே ஒண்ணு தான். ரெண்டு டிஸ்க்கும் ஒரு நாளும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது. அவ்வளவு தான். இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல. ஆனா எங்க ஆளுக்கு மண்டையில ஏறணுமே.

பதுளை பஜார்ல எங்க ஸ்டூடியோ. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழான்னு எடுக்குற வீடியோ எல்லாம் பின் ரூம்ல இருக்குற ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ள போயிரும். கடையில உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அதுகூட சேந்திருக்கு. அந்தப் பெட்டி செத்துச்சுன்னா இத்தனை வருசமும் செத்துச்சு. அதனால தான் கழட்டி மாட்டுற டிஸ்க்கு ரெண்டு. ஒண்ணு பெட்டிக்குப் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் காப்பி எடுக்கும். மத்தது என்கூட நமுனுகுலைக்கு, தோட்டத்துல எங்க லய வீட்டுக்கு வரும், சோத்துப் பையில துவாயில சுத்தி. சனிக்கிழமை சனிக்கிழமை மாத்திக்குவேன். பஸ்ல எவனாவது பைய இடிச்சான்னா எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்ல. இன்டர்நெட்ல ஏத்திடலாம்னும் சொல்லிப் பாத்தேன். எங்க கடை லைனுக்கு ஒரு கல்யாணம் ஏறி முடியுறதுக்குள்ள அவங்களுக்குப் புள்ளையே பொறந்துரும்.

மத்தவங்க வீடியோ போனாலும் அவங்க வீட்டுல ஒரு காப்பி கிடக்கும். பெரியாயி அம்மாவுக்கு அப்படி இல்ல. அவங்க கொஸ்லாந்தப் பக்கம் மீரியபெத்தக்காரங்க. மலை சரிஞ்ச அன்னைக்கு, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்ததால அவங்க உசிரோட இருக்காங்க. புருசன், மகன், முந்தின வருசம் கட்டிக்குடுத்த மக சிவசக்தி, மருமகன், எல்லாரும் மண்ணுக்குள்ள. அல்பமும் சிடியும் அதோடயே போச்சு. மிஞ்சினது எங்க பெட்டியில கிடந்த சிவசக்தி கல்யாண வீடியோ ஒண்ணு தான்.

வருசா வருசம் அந்தத் திதி முடிஞ்ச மறுநாள் பஸ் ஏறி வந்துருவாங்க. நான் போட்டுக் குடுப்பேன். மூக்கு திரையில முட்டுற அளவுக்கு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காருவாங்க. பாசத்துல அப்படி ஒட்டிக்கிறாங்கன்னு நான் நெனச்சுக்குவேன். பட்டனைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திட்டு வெளிய வந்து நிப்பேன். பெத்தவ அழறதுக்கு நடுவுல எனக்கு என்ன வேலை?

"ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாறேம்மா, வீட்டுலயே பாருங்க"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்.

"வேணாம் புள்ள. வீட்டுல இருந்துச்சுன்னா உலை வைக்க மாட்டேன், வேலைக்குப் போக மாட்டேன். பாத்துக்கிட்டே கிடந்து செத்துருவேன். இங்கயே இருக்கட்டும். நீ பத்தரமா வெச்சிருப்பே"ன்னாங்க.

நானும் பெருமையா தலையாட்டினேன்.

இந்த வருசம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் மொதலாளி வந்து நின்னாரு. "விஜி, வீட்டுல இருக்குற டிஸ்க்கையும் நாளைக்குக் கொண்டு வந்துரு. பூசையில வைக்கணும்."

"அது வீட்டுலயே இருக்கட்டுங்க. நான் அங்கயே ஒரு பொட்டு வெச்சுக்கிறேன்."

"கடை உழைப்புல பாதிய சாமிக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சா அது பூசையா? போன வருசம் வைக்கல, பாத்தியா, வியாபாரம் படுத்துருச்சு. ஒரு ராத்திரி தானே. மறுநாள் காலையில மறுபூசை முடிஞ்சதும் நீயே எடுத்துட்டுப் போ."

சண்டை போட்டேன். தலையில அடிச்சுக்கிட்டேன். "சாமி விசயத்துல குறுக்க பேசாத"ன்னு ஒரே வார்த்தையில வாய அடைச்சிட்டாரு. சாமின்னு வந்தா நம்ம ஆளுங்ககிட்ட எந்தச் சட்டமும் நிக்காது. எனக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் பயம் தான், இல்லைங்கல. கொண்டு போனேன்.

மேசையில வெள்ளத் துணி விரிச்சு, கேமரா, லைட்டு, பெட்டி, அதுக்கு முன்னால ரெண்டு டிஸ்க்கு. எல்லாத்துக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, பூச்சரம் சுத்தினாரு மொதலாளி. பாக்க நல்லா தான் இருந்துச்சு. பூசையில வெச்ச சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுங்கறதால அப்படியே விட்டுட்டுக் கடையப் பூட்டினோம்.

காலையில வந்து பாத்தா பின் ஜன்னல் கம்பியப் பேத்திருக்கு. மேசையில துணி மட்டும் கிடக்கு. திருடனுக்குத் தேடுற வேலையே இல்ல. அவனுக்காகவே அடுக்கி, பூ வெச்சு, விளக்கும் ஏத்தி வெச்சிருக்கோம். சுண்டலையும் தின்னுட்டுப் போயிருக்கானுங்க. மொதலாளி ஒரு மூலையில உக்காந்து அழுதாரு. எனக்கு அவரைப் பாத்துப் பாவமா வரல. வயிறு தான் எரிஞ்சுச்சு.

பொலிஸ்ல எழுதிக்கிட்டாங்க. அதோட சரி. நான் சும்மா இருக்கல. பதுளையில பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன். வெலிமடைக்குப் போனேன். கடைசியா பண்டாரவளையில ஹபீஸ் நானான்னு ஒரு முஸ்லிம் அண்ணன் கடையில, கண்ணாடி அலுமாரிக்குள்ள எங்க டிஸ்க்குல ஒண்ணு உக்காந்திருக்கு. துடைச்சுத் தான் வெச்சிருந்தாரு. ஆனா திருகாணிக் குழிக்குள்ள குங்குமம் அப்படியே இருந்துச்சு.

ஹபீஸ் நானா நல்ல மனுசன். விசயத்தச் சொன்னதும் மறுபேச்சே பேசல. "எவனோ ஒருத்தன் கொண்டாந்து வித்தான் தங்கச்சி. களவு சாமான்னு தெரிஞ்சா தொட்டே இருக்க மாட்டேன். எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, நான் எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஒரு கஸ்டமருக்காகப் படமும் நாடகமும் நெறைய ஏத்திட்டேன். உள்ள என்ன மிஞ்சியிருக்கோ, அல்லாஹ்வுக்குத் தான் வெளிச்சம்."

அழிஞ்சதத் தோண்டி எடுக்குற சொப்ட்வெயார் இருக்கு. போட்டேன். ராவும் பகலும் அது ஓடுச்சு. யாரோ ஒரு பொண்ணோட சடங்குல ஒரு துண்டு வந்துச்சு. ஏதோ தேர்த் திருவிழாவுல பாதி வந்துச்சு. அப்புறம் ஒரு வரி வந்துச்சு: கொஸ்லாந்த சிவசக்தி கல்யாணம். பேரைப் பாத்ததும் நான் அழுதுட்டேன். மொதலாளிய சத்தம் போட்டுக் கூப்பிட்டேன், அவரும் ஓடி வந்தாரு. திறந்தேன். வெறும் சாம்பல் நிறம். ஓட்டிப் பாத்தேன், கடைசி வரைக்கும் சாம்பல் நிறம். பேருக்குக் கீழ ஹபீஸ் நானாவோட நாடகம் தான் உக்காந்திருக்கு. கொழும்புல ஒருத்தருக்கும் அனுப்பிப் பாத்தோம். மேல வேற எழுதிட்டா அடியில இருந்தத எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. மத்த டிஸ்க்கும் பெட்டியும் எங்க போச்சுன்னே தெரியல.

அந்தக் கல்யாணத்த எடுத்த கேமராக்காரப் பையன் இப்ப கட்டார்ல. அவன்கிட்ட காப்பி ஏதும் கிடக்கான்னு வாட்ஸ்அப்ல கேட்டேன். "அக்கா, நான் எத்தனை கல்யாணம் எடுத்திருப்பேன்"னான்.

திதி வந்துச்சு. மறுநாள் பெரியாயி அம்மாவும் வந்தாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ரெண்டு கண்ணும் ஒப்பரேசன் பண்ணியாச்சு புள்ள. படலம் பூத்துப் போயிருந்துச்சாம், பெரியாஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. ஒன் மூஞ்சியவே இன்னைக்குத் தான் ஒழுங்காப் பாக்குறேன். நீ இன்னும் கொஞ்சம் அழகா இருப்பேன்னு நெனச்சேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

நேரா உள்ள போனாங்க. நாற்காலிய எடுத்தாங்க. திரைக்குப் பக்கத்துல போடாம, பின்னால சுவரோரமாப் போட்டு உக்காந்தாங்க.

"இத்தனை வருசமா எல்லாம் பொக மூட்டமாத் தான் தெரிஞ்சுச்சு. யாரு என்னன்னு நெனப்புலயே பாத்துக்குவேன். அந்தக் கல்யாணத்துல எனக்கு இஷ்டமில்ல, தெரியுமா? அவளாப் பாத்த மாப்புள்ள. தாலி கட்டுற நேரத்துலயும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தான் நின்னேன். தாலி ஏறினதும் தலைய நிமுத்தி அவ என்னைப் பாப்பா. அது தெரியும். சிரிச்சாளா, கோவமாப் பாத்தாளா, அது தான் தெரியல. அன்னைக்கு நான் வேற பக்கம் திரும்பிட்டேன். இன்னைக்குப் பாத்துருவேன். போடு புள்ள."

நான் நின்னேன். மொதலாளி வாசல் வரைக்கும் வந்து, உள்ள வராம அப்படியே திரும்பிப் போயிட்டாரு. எல்லாத்தையும் நானே சொன்னேன். பூசை, மேசை, திருடன், ஹபீஸ் நானா கடை, சாம்பல் நிறம், ஒண்ணையும் மறைக்கல. அவங்களுக்கு டிஸ்க்குன்னா என்னன்னு எவ்வளவு புரிஞ்சுச்சோ. இல்லைங்கறது மட்டும் புரிஞ்சுச்சு.

அப்புறம் மெதுவாக் கேட்டாங்க. "நீ வருசா வருசம் போட்டுக் குடுத்தியே. நீ பாத்திருப்பே இல்ல? சிரிச்சாளா?"

நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. மரியாதைன்னு கதவைச் சாத்திட்டு வெளிய நின்னவ நான். ஆனா அவங்க கேட்ட விதத்துல என்னால அதைச் சொல்ல முடியல.

"சிரிச்சாங்கம்மா. உங்களப் பாத்துத் தான் சிரிச்சாங்க."

பெரியாயி அம்மா கறுப்புக் கண்ணாடியக் கழட்டினாங்க. எழுந்து கிட்ட வந்து என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் பார்வையத் திருப்பாம இருக்க எவ்வளவோ முயற்சி பண்ணினேன்.

"இப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது புள்ள"ன்னாங்க.

கண்ணாடிய மறுபடி மாட்டிக்கிட்டாங்க. நாற்காலிய எடுத்த இடத்துலயே திரும்பக் கொண்டு போய்ப் போட்டாங்க. ஊருக்குப் போக பண்டாரவளை பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. இப்ப ஒண்ணு இருக்குன்னு சொன்னேன்.