மூன்றாம் பாகத்தின் திருத்தப் பட்டியல்

காலை பத்தேகால் மணிக்கு, மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஒரு லென்ஸை விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தில் மாட்டிவிட்டு அவள் கைப்பேசியைப் பார்த்தாள். சனியன், பார்க்காமலே இருந்திருக்கலாம். 'கந்தக நிலவு' தொடரின் மூன்றாம் பாகம் அன்று காலை ஆறு மணிக்கு இணையக் கடையில் வெளியாகியிருந்தது. முன்பதிவு செய்த முப்பத்தேழு பேருக்கும் அது தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்.

"மேடம், நாப்பது பக்கம் தாண்டிட்டேன். இன்னும் விண்கலமே வரல. ஒரு வீட்டுல ஒரு அத்தை எல்லாத்தையும் மறந்துட்டே இருக்காங்க, மருமக அதை எழுதிட்டே இருக்கா. கொலை எப்போ விழும்?"

எந்தக் கோப்பு போயிருக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடமாவது நிம்மதியாக இருந்திருப்பாள்.

கதையை அவளே எழுதுவாள், அட்டைப்படத்தை அவளே செய்வாள், அவளே வலையேற்றுவாள், விற்கவில்லையே என்ற கவலையும் அவளுடையதுதான். முதல் பாகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்த பதிப்பாளர் ஒருவர், "ராக்கெட்டெல்லாம் எதுக்கும்மா? குடும்பக் கதையா எழுதுங்க, நல்லா போகும்" என்று அறிவுரை வேறு சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வந்த வீம்புதான் இந்தத் தொடர். கந்தகப் புகை சூழ்ந்த ஒரு நிலவு, அதில் ஒரு சுரங்க நிலையம், அங்கே ஒவ்வொருவராகச் செத்து விழும் பணியாளர்கள். இப்போது பார், அந்த மனுஷன் கேட்ட குடும்பக் கதையே முப்பத்தேழு வீட்டுக்குப் போய்விட்டது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் கதையைத் தொடுமுன் கால் மணி நேரம், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவாள். இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவது போலத்தான், யாரும் படிப்பதற்கில்லை. இரண்டு மாதத்துக்கு முன் முன்பதிவைத் திறந்தபோது ஏதாவது ஒரு கோப்பைப் போட்டே ஆக வேண்டும் என்று அந்தத் தளம் அடம்பிடித்தது. கதை பாதிகூட முடியவில்லை. சரி, சீட்டில் துண்டு போட்டு வைப்போம் என்று அந்தக் காலைக் குறிப்புகள் இருநூறு பக்கத்தையும் ஏற்றிவிட்டாள். அசல் கதை வந்ததும் மாற்றிக்கொண்டால் போயிற்று.

மாற்றவும் உட்கார்ந்தாள், போன வாரம். கோப்பு ஏறி முடிந்து, 'உறுதி செய்' என்று ஒரே ஒரு பொத்தான் பாக்கி. அந்த நொடியில் சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் பால் பாத்திரம் கரியாகியிருந்தது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தைத் தேய்த்து முடித்துத் திரும்பியவள், பொத்தானை அழுத்தியாயிற்று என்றே நினைத்து மடிக்கணினியை மூடிவிட்டாள். மறதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு வந்த மறதி அது.

அத்தை என்பது அவள் கணவனின் அம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பதிவுப் பட்டியலில் முதல் ஆள் அவர்தான். டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் வெள்ளைத்தாளும் சிவப்புப் பேனாவுமாக உட்காருவார். படித்து முடித்ததும் ஒரு திருத்தப் பட்டியல் வரும். முதல் பாகத்துக்கு வந்த பட்டியலில், 'பக்கம் 112: கலத்தில் ஏறியது ஆறு பேர், இறங்குவது எட்டு பேர். நடுவில் யாருக்குப் பிரசவம்?' என்று இருந்தது. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திருத்தினாள்.

அந்த அத்தை கையில்தான் இப்போது அந்த இருநூறு பக்கம் இருக்கிறது. சாவி எங்கே என்று மூன்று தடவை கேட்டது, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது, தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றது, எல்லாமே தேதி போட்டு அதில் இருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவன் மாதம் இரண்டு முறை வருவான். அந்த இரண்டு நாளும் அத்தை கணீரென்று இருப்பார். அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தையிடமோ வாயே வரவில்லை. அந்த மனசு உடைந்துவிடுமே என்று பயந்துதான் எட்டு மாதமாக மென்று முழுங்கினாள். அதை இப்போது தன் கையாலேயே உடைத்துவிட்டாளே.

கடைக் கணினியில் உட்கார்ந்து சரியான கோப்பை ஏற்றினாள். இந்த முறை பொத்தானை நான்கு தடவை அழுத்தினாள். மாற்றம் தெரிய மூன்று நாள் ஆகலாம், ஏற்கெனவே இறங்கிய பிரதிகள் அப்படியே இருக்கும் என்று தளம் சாவதானமாகச் சொன்னது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, டேப்லெட்ல சார்ஜ் இருக்கா?"

"ஏராளமா இருக்கு. படிச்சுட்டுதான் இருக்கேன்."

"அது... கோப்புல கொஞ்சம் கோளாறு. மூடி வச்சிருங்களேன். நான் வந்து சரி பண்ணித் தரேன். எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?"

"பரீட்சை நடக்கும்போது பேசக் கூடாது" என்று சொல்லி அத்தை போனை வைத்துவிட்டார்.

முதலாளி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் கதை எழுதுவது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அவள் 'ராக்கெட்'.

"என்ன ராக்கெட், மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? நிலாவுல யாராவது போயிட்டாங்களா?"

"வீட்டுக்குப் போகணும் சார். ரொம்ப அவசரம். லென்ஸை நாளைக்கு முடிச்சிடறேன்."

அவள் குரலைக் கேட்டு அவர் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. போ போ என்று கையசைத்தார்.

பேருந்து நகரவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் மனதுக்குள் அத்தை ஐந்து பக்கம் புரட்டினார். போனதும் டேப்லெட்டைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். கேட்டால், வேறு யாரோ எழுதியது தவறிப்போய் ஏறிவிட்டது என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? அதில் அவர்கள் வீட்டு நாற்காலிகூட வருகிறது, கால் ஆடுவது உட்பட. அதற்குள் இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். இவர் புத்தகத்தை முடித்தே விட்டார்.

"அட்டகாசம் மேடம்! இப்படி ஒரு திருப்பத்தை எதிர்பார்க்கல. அத்தையோட நினைவு துண்டு துண்டா அழியுது. மருமகளுக்கு மொத்தமும் தெரியும், ஆனா வாயைத் திறக்காம குறிப்பு மட்டும் எடுத்துட்டே இருக்கா. அவதானே வில்லி? நாலாம் பாகம் எப்போ?"

அவளுக்குச் சுரீரென்றது. இல்லை என்று பதில் எழுதப் போனாள், விரல் வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு அடுத்ததில் இறங்கி, மூச்சு வாங்க ஓடினாள்.

கதவு தாழிடாமல் இருந்தது. கூடத்தில் அத்தை அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டேப்லெட் அணைந்து கிடந்தது. அதன் மேல் மடித்த வெள்ளைத்தாள்.

"அத்தை, நான் வந்து..."

"முதல்ல தண்ணி குடி. அப்புறம் இதைப் படி."

தண்ணீர் குடிக்கவில்லை. தாளைப் பிரித்தாள். எண்கள் வரிசையாக, அந்தப் பழைய முத்து முத்தான சிவப்புக் கையெழுத்தில் இருந்தன.

'பக்கம் 9: அன்று செவ்வாய் அல்ல, புதன்.

பக்கம் 31: சாவியை நான் தொலைக்கவில்லை. உன் வீட்டுக்காரன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். நன்றாக விசாரிக்கவும்.

பக்கம் 64: அடுப்பு அந்த மாதம் மூன்று தடவை அல்ல, ஐந்து. இரண்டு தடவை நீ வருவதற்குள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன்.

பக்கம் 88: குளியலறையில் அழுதது உண்மை. ஆனால் அது மறதிக்காக அல்ல. நீ என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாய், அதற்காக.

பக்கம் 120: "அத்தைக்கு இது தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். தெரியும்.'

எழுத்துகள் கலங்கின. அவள் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தாள்.

'பக்கம் 64: அடுப்பு அந்த மாதம் மூன்று தடவை அல்ல, ஐந்து. இரண்டு தடவை நீ வருவதற்குள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன்.'

மேலே பார்த்தாள், மறுபடி கீழே பார்த்தாள். ஒரு சொல் மாறவில்லை. அத்தை அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார், விடைத்தாளை வாங்கிக்கொண்ட பிள்ளையைப் பார்ப்பது போல.

"என்ன, ஒரே இடத்துல நின்னுட்ட? ஏதாவது தப்பா இருக்கா?"

ஒன்றுமில்லை அத்தை என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொள்ள ஒரு கணம் போதும். எட்டு மாதமாக அதைத்தானே செய்தாள். தாளை மேசையில் வைத்து, இரண்டு வரிகளிலும் விரலை வைத்துக் காட்டினாள்.

"இதை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க அத்தை."

அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். மேல் வரியைப் படித்தார். கீழ் வரியைப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"இப்படித்தான்" என்றார். "இனிமே இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்லு. மெதுவா பேசாத. முதுகுக்குப் பின்னாடி எழுதாத."

"சரி அத்தை."

"அவனுக்குப் போன் போடு. பக்கத்துலயே இரு. நான் பேசறேன், விட்டதை நீ எடுத்துக் குடு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணை அழுத்தினாள்.