அறுபது ராடு

1

ஜூன் 12, வியாழன். ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். என் அண்ணன் ரெய்னோவுக்கு எழுதிக் கொடுத்த படகுப் பயணத் திட்டத்தில், மூன்றாம் நாள் வரும் போர்ட்டேஜின் நீளம் அறுபது என்று போட்டிருக்கிறேன். அறுபது மீட்டர் அல்ல அது. அறுபது ராடு.*

இந்தக் கதை அந்தத் தவறிலிருந்துதான் வருகிறது. செவ்வாய்க்கிழமை மாலை, கதை எழுதும் வகுப்பில் ஆசிரியை ஹெலன், "இந்த வாரம் நீங்க பண்ணின ஒரு தப்புல ஆரம்பிங்க, பெருசா இருக்கணும்னு இல்ல" என்றார். வகுப்பில் ஒன்பது பேர். எட்டுப் பேர் உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அன்று எந்தத் தவறும் நினைவுக்கு வரவில்லை. இன்று மதியம், பல் மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது: அந்த ஒரு எண்ணை மட்டும் நான் எடுத்தது அமெரிக்க வரைபடத்திலிருந்து.

* ராடு: கனடா எல்லைக்குத் தெற்கே அமெரிக்கர்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் அளவு. ஒரு ராடு ஏறக்குறைய ஒரு கனூவின், அதாவது எங்கள் துடுப்புப் படகின், நீளம், ஐந்து மீட்டர். ஆக, அறுபது ராடு என்றால் முன்னூறு மீட்டர். (ஹெலன் வெளியூர்க்காரர். போர்ட்டேஜ் என்றால் என்ன என்றும் எழுதச் சொல்வார். ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை, படகைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு காட்டுப்பாதையில் நடப்பது. அவ்வளவுதான்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஏரியின் மீது மூடுபனி மெல்ல விலகியபோது, பென்டி தன் துடுப்பை..."

இத்துடன் விட்டுவிட்டேன். துடுப்பை என்ன செய்தான் என்று தெரியவில்லை. தவிர, நாங்கள் இன்னும் கிளம்பவே இல்லை. பயணம் இருபத்தொன்றாம் தேதி. இது பயணத்தைப் பற்றிய கதை அல்ல, திட்டத்தைப் பற்றியது. திட்டத்தில் மூடுபனி கிடையாது. ஓட்ஸ், சோளமாவு, கொசுவலை, அனுமதிச்சீட்டு எண் ஆகியவைதான் உண்டு.

இரண்டாவது தொடக்கம், நடந்தபடியே. இரண்டு வாரத்துக்கு முன், தண்டர் பேயில் ரெய்னோ வீட்டுச் சமையலறை. நான் பட்டியலை வாசிக்கிறேன். அவன் இடது கையால் காபி ஊற்றுகிறான். ஒரு வருடமாக எல்லாமே இடது கையில்தான்.

"கணக்குப்பிள்ளை, சாப்பாடெல்லாம் அப்புறம். போர்ட்டேஜ் எவ்ளோன்னு சொல்லு."

"எல்லாம் சுலபம்தான். மொத நாள் நாப்பது. ரெண்டாம் நாள் நூத்திப் பத்து. மூணாம் நாள் அறுபது."

"அறுபதா?"

"அறுபது."

அவன் காபியைப் பார்த்தான். "சரி. அறுபதுன்னா போலாம்" என்றான்.

(இந்த வரியை நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறேன். நிம்மதியாகச் சொன்னான் என்று ஒருமுறை. சிரித்துக்கொண்டே சொன்னான் என்று ஒருமுறை. இப்போது எப்படிச் சொன்னான் என்பதையே எழுதாமல் விட்டிருக்கிறேன். காரணம் ஐந்தாம் பகுதியில்.)

3

பென்டி யார் என்று சொல்ல வேண்டும். கதைக்காக ரெய்னோவுக்கு நான் வைத்த பெயர். இருவருக்கும் ஒரே வயது, முப்பத்துநான்கு. போன ஆண்டு மர ஆலையில் சரிந்த கட்டை அவன் வலது தோளை உடைத்தது. உள்ளே ஒரு தகடு, ஏழு திருகாணிகள். கனூவின் குறுக்கே ஒரு நுகம் இருக்கும். படகைத் தலைகீழாகத் தூக்கும்போது முழுப் பாரமும் அந்த நுகத்தில்தான் இறங்கும். நுகம் உட்காரும் இடமும் தகடு இருக்கும் இடமும் ஒன்றே.

கதையைச் சுலபமாக்க பென்டிக்குத் தோளுக்குப் பதிலாக முழங்காலைக் கெடுத்துப் பார்த்தேன். கதை உடனே செத்துவிட்டது. முழங்கால் என்றால் ஓய்வெடுத்து நடக்கலாம். தோள் என்றால் படகு யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. பின்னிருக்கையில் உட்காருபவர்தான் படகை ஓட்டுவார். போர்ட்டேஜ் வந்தால் படகு அவருடையது, மூட்டைகள் முன்னிருக்கைக்காரருடையவை. நான் பதினொரு வயதிலிருந்து முன்னிருக்கை. ஆகவே, "படகை நான் தூக்கிக்கிறேன்" என்று நான் சொன்னால், "நீ முன்னால போய் உக்காரு" என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

இதற்காகத்தான் சுலபமான போர்ட்டேஜ்களாகத் தேடிப் பிடித்தேன். ஏப்ரலில் அவனே சொன்னான்: "இந்தத் தடவை போய்ப் பாக்கறேன். சரியா வரலன்னா கனூவ டெல்பெர்ட்டுக்குக் குடுத்துடறேன். இடத்த அடைச்சுக்கிட்டு கெடக்குது." டெல்பெர்ட் பக்கத்து வீடு. மறுநாளே நாடாவோடு வந்து தன் காரின் கூரையை அளந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை.

நூற்றுப் பத்து மீட்டர் அவனால் முடியும். கொட்டகையிலிருந்து தெருமுனைவரை தூக்கிப் பார்த்திருக்கிறான், முகம் வெளுத்தாலும் முடித்தான். முன்னூறு முடியுமா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

4

இன்று மதியம் உண்மையைச் சொல்வதற்காகவே தொலைபேசியில் கூப்பிட்டேன். உரையாடல் இது, குறைக்கவில்லை:

"தார்யா, பிக்கரல் மீனுக்கு மஞ்சள் தூண்டில் போதும். அந்த ஊதாவ எடுத்துட்டு வராத. மீனுக்கே வெக்கமா இருக்கும்."

"போன தடவ ஊதாலதான் மூணு புடிச்சேன்."

"மூணும் குருட்டு மீனு."

"ரெய்னோ, அந்த மூணாம் நாள் இருக்குல்ல..."

"ஆமா, மூணாம் நாளைக்கு எண்ணெய மிச்சம் வெச்சுக்கோ. பொரிக்கறது அந்த ஏரிலதான். மத்த ஏரிலெல்லாம் மீனு இருக்கும், இதுலதான் கடிக்கும்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"கருப்பு ஈ வெரட்டற மருந்து வாங்கிட்டியா? வாங்கு மொதல்ல."

வைத்துவிட்டான். நான் மருந்து வாங்கினேன்.

(கதையில் பென்டியின் தங்கை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறாள். மூன்று பக்கம் அழகாகச் சொல்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை.)

ஆக, முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பட்டியல் போட்டால் குழப்பம் தீரும் என்பது என் நம்பிக்கை. இதுவரை தீர்ந்ததில்லை.

அ. நாங்கள் போகிறோம். பாதி வழியில் பென்டி படகை இறக்கி வைக்கிறான். தங்கை எதுவும் கேட்காமல் ஈக்களை விரட்டிக்கொண்டு நிற்கிறாள். பிறகு அவன் மறுபடி தூக்குகிறான். ஹெலனுக்கு இது பிடிக்கும். அந்த "பிறகு" எனக்குத்தான் நம்பிக்கையாக வரவில்லை.

ஆ. தங்கை படகை வாங்கித் தூக்குகிறாள். மறுகரையில் அவன் போய் முன்னால் உட்காருகிறான். ஜூலையில் டெல்பெர்ட் காரின் மேல் பச்சைக் கனூ.

இ. வழியை மாற்றுகிறேன். இரண்டாவது ஏரியிலேயே கூடாரம். "அங்க மீனு கடிக்காது" என்பான். நான் ஏதாவது காரணம் சொல்வேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இதுதான் மிக மோசம், மிகச் சுலபமும்கூட.

5

திட்டத்தில் எண்ணையாவது திருத்திவிடலாம் என்று மாலை பழைய வரைபடத்தை மறுபடி விரித்தேன். தவறு எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் புதிய வரைபடம் மீட்டரில். மூன்றாம் நாள் ஏரி அதன் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்கு மட்டும் ரெய்னோவின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பழையதைப் பார்த்தேன். அது அமெரிக்காவில் அச்சானது, ராடில். எண்ணை மட்டும் பார்த்தேன், ஓரத்துக் குறிப்பைப் பார்க்கவில்லை.

இன்று ஓரத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது, அந்தப் பாதையின் புள்ளிக்கோட்டுக்கு அருகில் மங்கலாகப் பென்சில் எழுத்து தெரிந்தது. ரெய்னோவின் கையெழுத்து.

"2011. நீளம். பெரிய பாறைகிட்ட ஒருதடவை இறக்கினேன்."

அப்போது அவனுக்கு இருபது வயது. இரண்டு தோளும் நன்றாக இருந்த காலம். அப்போதே ஒருமுறை இறக்கியிருக்கிறான்.

ஆக, நான் கூடப் போகாத ஏதோ ஒரு பயணத்தில் அவன் அங்கே நடந்திருக்கிறான். "அறுபதா?" என்று கேட்டபோது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அல்லது பதினான்கு வருடத்தில் மறந்திருக்கலாம், நான்தான் ஒரு எண்ணைச் சொல்லி அவனை ஏமாற்றியிருக்கலாம். தெரிந்தே சரி என்றிருந்தால், ஏன்? தன்னால் முடியுமா என்று யாரும் பார்க்காத இடத்தில் பார்த்துவிடவா? முடியாது என்று உறுதியாகி, படகைக் கொடுத்துவிட ஒரு காரணம் வேண்டியிருந்ததா? இல்லை, நான் அவ்வளவு முறையாகப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கெடுக்க வேண்டாம் என்றா?

ஒரு கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருக்கிறார். பென்டியைப் பொறுத்தவரை என்னால் தீர்மானிக்க முடியும். பென்டிக்குத் தெரியும் என்று எழுதினால் தெரியும். ரெய்னோவை அப்படி எழுத முடியாது. இரண்டு பேரையும் இத்தனை பக்கமாக நான் கலந்துகொண்டே வந்திருக்கிறேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

6

[இங்கே முடிவு வர வேண்டும்.]

அ, ஆ, இ மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் அவன் என்ன செய்வான் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில்கூட யாரும் அவனைக் கேட்கவில்லை. இதை வாசிப்பவர்கள் அந்தப் பாதையில் பெரிய பாறைவரை படகை யார் தோளில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். பாறைக்கு அந்தப் பக்கம் நான் எழுதவில்லை.

பென்டி என்ற பெயரையும் எல்லா இடத்திலும் அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஒரு வரைவிலாவது அவனுக்குத் தோள் நன்றாக இருந்தது.

நாளை, வெள்ளி: ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ரெய்னோ வீடு. பழைய வரைபடத்தை எடுத்துப் போக வேண்டும். பென்சில் எழுத்து அவன் பக்கம் தெரியும்படி மேசையில் விரிக்க வேண்டும். பின்னிருக்கையில் யார் என்று கேட்க வேண்டும்.