செத்தவன் துடிக்கிறான்

கணவரின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி அலறியது. ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞன். இன்னும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"அண்ணி, அண்ணன்கிட்ட உடனே சொல்லுங்க. செத்தவன் துடிக்கிறான்!"

அவள் கை அப்படியே நின்றது. கட்டிலில் அவர் முகத்தின் மேல் நல்ல வெயில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டிருந்தார். கூடத்தில் நாத்தனார், அமரர் வண்டி எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

'செத்தவன்' அந்த வீட்டுச் செல்லப்பெயர். எரிந்து தீர்ந்து, தன் பாரத்திலேயே ஒடுங்கி, இன்னும் பம்பரமாய்ச் சுற்றும், அவர் ஆராய்ந்துவந்த ஒரு நட்சத்திரம். சக்களத்தி தேவையில்லை, இந்தப் பிணமே போதும் என்று அவள் கேலி செய்வாள். அதன் காமா கதிர்கள் எப்போதோ ஒன்றாகத்தான் வந்து சேரும். அவற்றைச் சுற்றுக்குச் சுற்று அடுக்கினால் துடிப்பு தெரியுமென்று மனிதர் வருடக்கணக்கில் தவம் கிடந்தார்.

"அண்ணன் சொன்னதுதான் சரி. துடிப்பைச் சத்தமா மாத்திருக்கேன், அவர் காதுல வைங்க."

கைபேசியை அவர் மார்பில் வைத்தாள். டொக், டொக், டொக். இந்த நெஞ்சு ஒரே ஒரு தடவை துடிக்காதா என்று காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கதவருகே வந்து வெளிறிப்போனாள். "என்ன அண்ணி அது? நிறுத்துங்க, பயமா இருக்கு."

கைபேசியை நிறுத்தினாள். நாத்தனார் விலகிப் போனாள். அந்த டொக், டொக் சத்தம் மட்டும் போகவில்லை. அவர் நெஞ்சில் காதை வைத்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"உள்ள தேடாதடி," என்று அவர் சாப்பாட்டு மேசையில் தட்டைச் சுழற்றிக் காட்டியது நினைவுக்கு வந்தது. "நட்சத்திரத்தோட காந்தப்புலமும் கூடவே சுத்துது. தள்ளிப் போகப் போக இன்னும் வேகமா ஓடணும். ஒரு எல்லைல ஒளியோட வேகமே வேணும், அதுக்கு மேல முடியாது. அந்த விளிம்புலதான் துகளெல்லாம் வெறிபிடிச்சு ஓடி காமாவைக் கக்குது. துடிப்பு பொணத்துல இல்ல, ஓரத்துல."

அவள் எழுந்து சுவரோரமாக நடந்தாள். மூலையில், காலையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி. சத்தம் நெருங்கியது.

"அண்ணி, வண்டி வந்துடுச்சு," என்றாள் நாத்தனார் கூடத்திலிருந்து.

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாற்காலிக்கு எதிரே இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.