ரெண்டு தரம் மேடமும் கிட் சொன்ன பொய்யும்

1.

இந்தக் கதை எங்கள் துறைத்தலைவரின் ஞாபக மறதியில் பிறந்தது. இந்த வருஷம் ஓய்வு பெறப்போகும் மேடத்துக்குப் பிரிவு உபசார மலர் போட வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. போன வருஷம் அவருடைய ஆண்டறிக்கையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், சுவர்ப் பத்திரிகையின் நகைச்சுவைப் பகுதியில் ஒட்டியவன் நான்தான் என்பது மறந்து போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, மேடத்தைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும், நகைச்சுவையாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் சிரித்துவிடக் கூடாது என்றார். சரி சார் என்றேன்.

இது பதினோராவது வரைவு. ஒரு பெண்ணின் கர்ப்பப்பை இருக்குமா, போகுமா என்பதுதான் கதையின் கேள்வி. எந்தப் பெண் என்பதில் நானே நான்காம் வரைவு வரை ஏமாந்திருந்தேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று மழை. ஆய்வகத்தின் சன்னல் வழியே வெளியே பார்த்தபடி மேடம்" – நிறுத்திவிட்டேன். அந்த ஆய்வகத்துக்குச் சன்னலே கிடையாது.

அடுத்தது: "இனப்பெருக்க ஹார்மோன்கள், புற்றுநோய்க் குறியீடுகள் ஆகிய துறைகளில் முப்பத்தொரு ஆண்டுகளாக எண்ணற்ற" – இதையும் அடித்தேன். எண்ணற்ற என்று எழுதினால், எண்ணிக்கொண்டு வா என்று மேடம் திருப்பி அனுப்புவார்.

மூன்றாவது: "மாணவர்கள் அவரை ரெண்டு தரம் மேடம் என்பார்கள்." இது இருக்கட்டும், உண்மை. எந்த ரத்த மாதிரியையும் அவர் சோதனைத் தட்டின் இரண்டு குழிகளில் ஊற்றி இரண்டு தரம் அளப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. இந்தப் பழக்கம் ஆய்வகத்தைத் தாண்டி வெளியே கசிந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்றால், கொஞ்சம் விட்டு மறுபடி கேட்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவருடைய கணவர் கேட்டபோதும் இரண்டு தரம் பதில் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. (விசாரித்தேன். மூன்று தரமாம். முதல் இரண்டும் ஒத்துப்போகவில்லை.)

3.

கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். தூங்குபவர்கள் நான்காம் பகுதியில் விழித்துக்கொள்ளலாம், ஆனால் அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பெண் கர்ப்பமானால் உடம்பில் ஒரு ஹார்மோன் ஏறும். மருந்துக்கடையில் விற்கும் பட்டையில் இரண்டாவது கோடு போடுவது அதுதான். கர்ப்பம் இல்லாமல் அது ஏறினால் விஷயம் வேறு. கர்ப்பப்பையில் ஒரு வகைப் புற்றுநோய் குடியேறியிருக்கலாம். ஒரே ஹார்மோன், ஒரு வீட்டில் எல்லோருக்கும் போன் போட வைக்கும், இன்னொரு வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார வைக்கும். ரத்தத்தில் அதைத் துல்லியமாக அளக்க மேடம் பன்னிரண்டு வருஷம் உழைத்து ஒரு கிட், அதாவது சோதனைப் பெட்டி, செய்தார். ஊரின் பெரிய ஆஸ்பத்திரி அதைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது. ஆயிரத்து நூற்று நாற்பது பெண்கள்.

கிட்டுக்குள் இருப்பது சுண்டெலிகளிடமிருந்து எடுத்த இரண்டு ஆன்டிபாடிகள்.* ஒன்று குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று நிறம் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காது. நடுவில் தரகர் மாதிரி ஹார்மோன் வந்து இரண்டு பேர் கையையும் பிடித்தால்தான் சேரும், நிறம் வரும். எவ்வளவு நிறமோ அவ்வளவு ஹார்மோன்.

* பாடப்புத்தகத்தில் இதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர். ஒரே தேர்வுத்தாளில் பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்று மணி நேரம் போதவில்லை.

4.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். திங்கட்கிழமை யார் கையில் வேலை குறைவோ அவர் சட்டைக் கையைச் சுருட்ட வேண்டியதுதான். அன்று பாதிப் பேர் லீவு. மாடியில் ஆய்வுக்கான எலிகளைப் பராமரிக்கும் எலியக்கா இறங்கி வந்து கையை நீட்டினார். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. அப்போது வயது முப்பத்து நான்கு. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். இன்னொன்று வேண்டும் என்ற ஆசையில் மகளின் தொட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் நூற்றெண்பத்து நான்கு காட்டியது. இன்னொரு குழியில் நூற்றெண்பத்தொன்று. மேடம் முகம் மலர்ந்து மாடியேறிப் போனார்.

"எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?"

"பத்து நாள் மேடம். அந்தத் தீவனக்காரன் போனையே எடுக்க மாட்டேங்கறான்."

எலித் தீவனம்தான் தள்ளிப் போயிருந்தது. மற்றதெல்லாம் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. மேடத்தின் முகம் மாறியது. மறுநாளே எலியக்காவைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் எண் இருக்கிறதே. எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நூற்றெண்பத்தாறு. கவனியுங்கள், அங்கேயும் மேடத்தின் கிட்தான். பொய் சொன்னவரிடமே போய், நிஜம்தானா என்று கேட்டிருக்கிறார்கள்.

அறுவை மருத்துவர் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், ஒரு குழந்தை இருக்கிறது அல்லவா என்றாராம்.

[இங்கே எலியக்கா சுவரில் சாய்ந்து அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவரிடம் காட்டினேன். "நான் எங்க தம்பி அழுதேன்? வியாழக்கிழமை எலிக்குத் தண்ணி வெக்கறது யாருன்னு கேட்டேன்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.]

5.

எண்கள் ஒத்துப்போய்விட்டன. ரெண்டு தரம் மேடத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை எலியக்காவின் ரத்தத்தைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து அளந்தார். தொண்ணூறு வர வேண்டும், நூற்றைம்பது வந்தது. கால்பங்காக்கினார். நாற்பத்தைந்துக்குப் பதில் இருபது. நிஜ ஹார்மோன் இப்படிக் குரங்குத்தனம் பண்ணாது. அளவைக் குறைத்தால் அடக்கமாக அதே அளவில் குறையும்.

மாடியேறிப் போனார். எலியக்கா ஒரு கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கையெல்லாம் சின்னச் சின்னத் தழும்புகள், பன்னிரண்டு வருஷத்து எலிக்கடி. மேடம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை கடி வாங்கிய உடம்பு சும்மா இருக்குமா? எலிச் சரக்கு எது உள்ளே வந்தாலும் பிடித்து அமுக்க ஒரு படையையே தயார் செய்து வைத்திருக்கும். கிட்டில் இருக்கும் இரண்டு ஆன்டிபாடியும் எலிச் சரக்கு. எலியக்காவின் ரத்தம் குழிக்குள் போனதும் அந்தப் படை ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டது. தரகரே வராமல் கல்யாணம் முடிந்துவிட்டது. நிறம் வந்துவிட்டது.

இது ஊகம்தான். நிரூபிக்க மேடம் போன இடம் தெருமுனை மருந்துக்கடை. அந்தப் படை சிறுநீரகத்தைத் தாண்டாது, உருவம் பெரிது. ஹார்மோன் தாண்டிவிடும். ரத்தத்தில் நிஜமாகவே நூற்றெண்பது இருந்தால், சிறுநீர் பட்ட பட்டையில் இரண்டு கோடு வந்தே தீரும். நாற்பத்தாறு வயதில் கர்ப்பப் பட்டை கேட்ட மேடத்தைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்து, மகளுக்கா என்றார். இல்லை, என் கிட்டுக்கு என்று சொல்லி இரண்டு பட்டை வாங்கினார். (இரண்டுதான், வேறென்ன.)

எலியக்காவின் சிறுநீர் பட்ட முதல் பட்டையில் ஒரு கோடு. இரண்டாவதிலும் ஒரே கோடு.

மேடம் ஆய்வகத்திலிருந்தே அறுவை மருத்துவருக்குப் போன் செய்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: பன்னிரண்டு வருஷம் செய்த உங்கள் கிட்டை நம்பவா, தெருமுனைக் கடைப் பட்டையை நம்பவா?

"என் கிட்டை நம்பாதீங்க," என்றார் மேடம். இரண்டாம் தரமும் சொன்னார்: "என் கிட்டை நம்பாதீங்க டாக்டர்."

வியாழக்கிழமை எலியக்கா வழக்கம்போல எலிக்குத் தண்ணீர் வைத்தார். மறு வருஷம் ஒரு பையன் பிறந்தான். நான்காம் வரைவு இங்கே, தொட்டிலோடு, முடிந்தது. துறைத்தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

6.

மேடம்தான் கெடுத்தார். நான்காம் வரைவைப் படித்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டாயே என்றார்.

எலியக்கா தப்பித்த மறுநாள், மேடத்துக்கு வந்த எண்ணம் இது: ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் என் கிட் வேறு யாரிடம் பொய் சொல்லியிருக்கும்? புற்றுநோய் என்று கிட் சொன்னவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரின் ரத்தமும் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. எலிச் சீரத்தை, அதாவது எலி ரத்தத்தின் தெளிந்த நீரை, அதில் கொஞ்சம் கலந்தால் போதும். பொய் சொல்லும் படை இருந்தால் அது அந்தச் சீரத்தைப் பிடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். எண் விழுந்துவிடும். நிஜ ஹார்மோன் என்றால் எண் அசையாது.

எட்டு எண்கள் அசையவில்லை. அந்த எட்டுப் பேரையும் கிட் நிஜமாகவே காப்பாற்றியிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மேடம் சொல்ல மாட்டார்.

ஒன்பதாவது, இருநூற்றுப் பத்திலிருந்து இரண்டுக்கு விழுந்தது. மறுபடி செய்தார். இரண்டு.

அவர் ஒரு கணக்கு டீச்சர். வயது முப்பத்தொன்று, கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. எலியைத் தொட்டதுகூட இல்லை. சிலருக்குக் காரணம் தெரியாமலே அந்தப் படை உருவாகுமாம். பதினான்கு மாதம் முன்பு புற்றுநோய் மருந்து ஏற்றி, கர்ப்பப்பையையும் எடுத்திருந்தார்கள். மருந்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்கியது, அதோடு அந்தப் படையும் அடங்கியது, எண் இறங்கியது. வைத்தியம் வென்றுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். எடுத்த கர்ப்பப்பையில் நோயே இல்லை என்று அறிக்கை வந்தபோது, நல்லவேளை, ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டோம் என்றார்கள். ஒரு வருஷம் நிறைந்த நாளில் டீச்சர் ஆய்வகத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில், நடந்தது நடந்துவிட்டது, நிம்மதியாக இருப்பவரை ஏன் கிளற வேண்டும் என்றார்கள். கிட்டைத் தயாரிக்க முன்வந்த நிறுவனம், எலிச் சீரத்தைக் கிட்டிலேயே சேர்த்துவிடுங்கள், சத்தம் போடாதீர்கள் என்றது. மேடம் சீரத்தையும் சேர்த்தார், சத்தமும் போட்டார். "எங்கள் கிட் எப்போது பொய் சொல்லும்" என்று ஒரு கட்டுரை எழுதி, முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டு வெளியிட்டார். அவர் எழுதியதிலேயே உலகம் அதிகம் எடுத்தாண்டது அதைத்தான். துறைத்தலைவர் தயாரித்த சாதனைப் பட்டியலில் அது இல்லை. பிரிவு உபசாரத்தில் பிழையைப் பற்றி எதற்கப்பா என்றார்.

கட்டுரையை அனுப்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மேடம் டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போனார். கதவைத் திறந்த டீச்சர் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"உள்ள வாங்க மேடம். உங்களாலதான் நான் இன்னிக்கு உயிரோட இருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதுவரைதான் மேடம் சொன்னார். அப்புறம் என்றேன். "அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே. அது அவங்களோடது" என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டேன், அவர் பாணியில். அதே பதில்தான்.

7.

ஆகவே நானே முடிவுகள் தயாரித்தேன்.

அ. மேடம் எல்லாவற்றையும் சொல்கிறார். டீச்சர் அழுகிறார், பிறகு மன்னிக்கிறார். இந்த மன்னிப்பை எழுத எனக்கு அரை நிமிஷம் ஆனது. அரை நிமிஷத்தில் வரும் மன்னிப்பை மேடத்துக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஆ. மேடம் தண்ணீரைக் குடித்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிடுகிறார். ஒரு பகல் முழுக்க இதை நம்பினேன். உயிரோடு இருக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொல்பவரிடம், உனக்கு ஒன்றுமே இல்லை, வெட்டியது வீண் என்று எந்த வாயால் சொல்வது? என்னால் முடியாது. என்னால் முடியாததை இன்னொருவரால் முடியும் என்று எழுதக் கை கூசுகிறது.

இ. டீச்சருக்கு ஏற்கெனவே தெரியும். கணக்கு டீச்சர் அல்லவா, அறிக்கைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். வாசகர்கள் கைதட்டுவார்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

மூன்றையும் மேடத்திடம் கொடுத்தேன். முடிவுகளை அவர் தொடவில்லை. ஓரத்தில் ஒரு வரி மட்டும் எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார்: "அச்சுக்குப் போகும் முன் டீச்சரிடம் காட்டவும்."

படித்ததும் ஆ முடிவை அடித்தேன். சொல்லாமல் திரும்பியவர் இதைக் காட்டச் சொல்ல மாட்டார். மேடம் சொல்லியிருக்கிறார். என்ன வார்த்தையில் என்பதுதான் மிச்சம்.

டீச்சருக்கு இப்போது நாற்பத்தேழு. நான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோன காகிதங்களை வாங்கி, சிவப்புப் பேனாவோடு நிதானமாகப் படித்தார். ஐந்தாம் பகுதியில் நீர்த்த எண்களைச் சரிபார்த்தார். நூற்றெண்பத்து நான்கில் பாதி தொண்ணூற்றிரண்டு என்று ஓரத்தில் எழுதினார்; தோராயமாகப் போட்டேன் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். நன்றிக் கடிதம் வரும் இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எடுத்துவிடவா என்றேன். வேண்டாம், எழுதியது எழுதியதுதான் என்றார்.

கடைசிப் பக்கம் வந்தது. அன்றைக்கு இந்த அறையில் மேடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பேனாவை மூடினார்.

"மேடம் சொன்னது எனக்குத் தெரியும். நீ எழுதினா அது உன் வசனமாயிடும்."

அப்படியானால் கதைக்கு முடிவு வேண்டாமா என்றேன்.

"படிக்கறவங்க யோசிக்கட்டும். மேடம் என் வீட்டு வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தன நாள் யோசிச்சிருப்பாங்க. அவங்க போனப்புறம் நான் எத்தன நாள் யோசிச்சேன்."

8.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து, மேடம் சொன்னார்: