ஃபேன் நின்றால் விழிப்பவன்

சென்னிமலை புத்தகத்தைப் பிரித்தால் போதும், தூக்கம் ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதமாக இந்தக் கண்றாவியைப் பார்த்துப் பார்த்து மயிலாளுக்கு அலுத்துப்போயிருந்தது. கட்டிக்கொண்ட புருஷனாயிற்றே, என்ன செய்வது!

எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் பேப்பரை இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தான். இந்த மார்ச்சிலாவது பாஸ் செய்தால் பனியன் கம்பெனியில் ஸ்டோர் ரூம் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினோரு வருஷமாகத் துணி பின்னும் நிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று பஞ்சுத் தூசியை விழுங்கியதில் இருமல் அவனை விடாமல் பிடித்திருந்தது. ஸ்டோரில் தூசி இல்லை. அவளுக்கு வேண்டியது அதுதான்.

நாற்காலி உறுத்தியதால் தூக்கம் வருகிறது என்றான். பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து மெத்தை தைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்தவன் குறட்டை விட்டான். கழுத்து வலிக்கிறது என்றான். புத்தகத்தைக் கண்ணுக்கு நேராக வைக்கப் பலகை அடித்தாள். பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கினான். பக்கத்து வீட்டுக் கன்னையன் ஒரு யோசனையோடு வந்தார்.

"குடுமிய ஆணீல கட்டிப்போடச் சொல்லும்மா."

"அவருக்கு ஏதுங்க குடுமி? முன்னால பாதி மண்டை வழுக்கைங்க."

"அப்பிடின்னா காலைப் பச்சத் தண்ணீல வெக்கச் சொல்லு."

வைத்தான். இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கி எழுந்தபோது கால் விரலெல்லாம் சுருங்கிப்போயிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு போனது. வீதியின் இரண்டு பக்கமும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த கம்பெனி மெஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. குறட்டை விட்டுக்கொண்டிருந்த சென்னிமலை துள்ளி எழுந்தான். "எங்க அறுந்துச்சு?" என்று கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். பிறகு அசடு வழிந்துகொண்டே உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தெளிவாகப் படித்தான்.

மயிலாள் தலையில் அடித்துக்கொண்டாள். அட மக்குப் பெண்ணே, இது தெரியவில்லையா உனக்கு? கம்பெனியில் மெஷின் ஓடும்வரை இவர்கள் நின்றபடியே கண்ணசருவார்கள். நூல் அறுந்தால் மெஷின் நிற்கும். சத்தம் நின்றதும் முழித்துக்கொள்வார்கள். ஓடுகிற சத்தம் இவனுக்குத் தாலாட்டு!

அதற்குப் பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் அவனைப் பொங்கலூரில் இருக்கும் தன் அப்பன் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிணற்று மோட்டார் ஓடாத நேரம் பார்த்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். மணிக்கு ஒரு தடவை எழுந்து வரப்பில் நடக்கச் சொன்னாள். மனுஷன் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிட்டான்.

பரீட்சை நாளன்று மயிலாளும் கூடவே போய் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் புதிதாக இரண்டு ஃபேன் வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

அரை மணிகூட ஆகவில்லை. வராந்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சென்னிமலையின் தலை மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது. பேனா பேப்பரில் ஒரு கோடு இழுத்து நின்றுவிட்டது. கூப்பிட்டால் வெளியே துரத்துவார்கள். இரண்டு ஃபேனுக்குமான ஸ்விட்ச் வராந்தாச் சுவரிலேயே இருந்தது. முருகா, மன்னிச்சிரு என்று சொல்லித் தட்டிவிட்டாள்.

சென்னிமலை துள்ளி எழுந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். பிறகு உட்கார்ந்து விறுவிறுவென்று எழுதினான். வேர்வையில் மற்றவர்கள் முனகவும் ஸ்விட்சைத் திரும்பப் போட்டாள். கால் மணியில் தலை மறுபடி சாய்ந்தது. இரண்டாவது தடவை அவள் கை ஸ்விட்சில் இருக்கும்போதே ப்யூன் ஆத்தப்பன் வந்து நின்றார்.

"என்னம்மா பண்றே?"

அவளுக்குப் பொய் வரவில்லை. அழுகைதான் வந்தது. "நிட்டிங் மெஷின் ஓட்றவருங்க. சத்தம் கேட்டாத் தூங்கிப்போயிருவாருங்க. பாஸாகாட்டி அந்தத் தூசீலயே செத்துப்போவாருங்க."

ஆத்தப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "நானும் மில்லுல எட்டு வருசம் இருந்தவந்தான்" என்றார். "நீ தள்ளி நின்னுக்க கண்ணு. தலை சாஞ்சா எனக்குச் சாடை காட்டு. ஆராச்சும் கேட்டா ப்யூஸ் சரியில்லீங்கன்னு நாஞ் சொல்லிக்கறேன்."

பாஸானான், நாற்பத்தொரு மார்க். ஸ்டோருக்குப் போன நாலு மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. இப்போது வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதே பீற்றல்தான்.

"அன்னிக்கி ஏழு தடவ ஃபேன் நின்னுபோச்சுங்க. அந்த எடஞ்சல் மட்டும் இல்லாமப் போயிருந்தா நான் அறுபது வாங்கியிருப்பனுங்க. ஏம்புள்ள?"

"ஆமாங்க" என்றாள் மயிலாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.